அப்பாவுக்கு பிபி, இனி மாசாமாசம் செக்கப்: வீட்டில் எப்படி இருப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பாவுக்கு வயது 56. காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகு கரையில் நிற்கும்போது தெருவில் நடந்த மருத்துவ முகாமில் பிபி பார்த்திருக்கிறார், 168/100. டாக்டர் ஒரு மாத்திரை தொடங்கி, இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (மெஷினில் ஓடவைத்துப் பார்க்கிற டெஸ்ட்), ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்து, மாசாமாசம் வரச் சொல்லியிருக்கிறார். அப்பா "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். அம்மா பயந்துபோய் வீட்டில் மீன் குழம்பையே நிறுத்திவிட்டார். நீங்கள் வாங்கிவந்த மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் காட்டுகிறது. இதை வைத்துக்கொண்டு தினப்படி எப்படி ஓட்டுவது, அப்பா திரும்பக் கடலுக்குப் போகலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் வடசென்னையில் பிபி, சுகர் ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) நீண்ட காலமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது டாக்டர் வேலை. அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் நடுவில் வருகிற நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். எங்களிடம் வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். செக்கப் தேதி நெருங்கினால் இரண்டு நாள் முன்னாடியே கருவாடு, ஊறுகாய், சரக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருவார்கள். நம்பர் நன்றாக வரும், டாக்டரும் பழைய மருந்தையே எழுதுவார், மறுநாளிலிருந்து பழையபடி. அன்றைக்குக் கிடைத்த நம்பர் அந்த இரண்டு நாளுக்கு உரியது. மீதி நாளெல்லாம் ரத்தக்குழாய் என்ன பாடு பட்டது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்பா வழக்கமாக எப்படிச் சாப்பிடுகிறாரோ, தூங்குகிறாரோ, அப்படியே வந்து காட்டட்டும். அப்போதுதான் மருந்து அவருக்குத் தகுந்த மாதிரி அமையும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. "வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வரச் சொன்னாங்க, அதான் மாத்திரை போடல சிஸ்டர்." வாரத்துக்குப் பத்துப் பேராவது இதைச் சொல்வார்கள். வெறும் வயிறு என்றால் இட்லி, காபி வேண்டாம் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கலாம். பிபி மாத்திரையை அந்தத் தண்ணீரில் வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், டாக்டர் குறிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. சுகர் மாத்திரையும் இன்சுலினும் வேறு. சாப்பிடாமல் அவற்றைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அவற்றைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். மாத்திரை போடாமல் வந்து 170 காட்டினால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் கூட்டின மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் பிபி தரைக்கு இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். இந்த மாதிரி விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பதில் பொய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு பிபி ஏறினால் எதுவுமே தெரியாது. தலைவலி வந்தால்தான் பிபி என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 170 வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வலை பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்றால், கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது பக்கச் சுவர் தடித்துப்போகிறது. கிட்னியில் இருக்கிற நுண்ணிய குழாய்கள் கெட்டுப்போகின்றன. மூளையில், கண்ணில் இருக்கிற குழாய்களும் அப்படித்தான். வருடக்கணக்கில் சத்தம் இல்லாமல் நடக்கிற வேலை இது. அதனால் "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று தெருவில் யாராவது சொன்னால், அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிபி. மாத்திரை கிட்னியைக் காப்பாற்றத்தான் கொடுக்கப்படுகிறது. கிட்னிக்கு உண்மையிலேயே ஆபத்து, உடம்பு வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி முழுங்குகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளால்தான். அவை பிபியையும் ஏற்றும். வலை இழுத்து முதுகு வலிக்கும்போது இவற்றைத் தினமும் போடுகிறவர்கள் துறைமுகத்தில் நிறைய. அப்பாவும் போடுகிறாரா என்று கேட்டு, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் மெஷின். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர் வருவது மெஷின் கோளாறு என்று நினைக்காதீர்கள். பிபி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். பத்துப் பதினைந்து ஏறி இறங்குவது சகஜம். ஆனால் பார்க்கிற விதத்தில் தவறு இருந்தால் இன்னும் இருபது முப்பது கூட மாறும், அதை நாம் சரி செய்ய முடியும்.

உங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்பா வெளியே போய்விட்டு, மூன்றாவது மாடி ஏறி வருகிறார். அம்மா உடனே கையைப் பிடித்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கட்டிலில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டுகிறார். காற்று ஏறும்போதே "காலையில மாத்திரை போட்டியா, எங்க போயிருந்த" என்று விசாரணை நடக்கிறது. அவர் கை மடியில் தொங்குகிறது, முதுகுக்கு எதுவும் சாய்மானம் இல்லை. 164 வருகிறது. அம்மாவுக்குப் பதற்றம், மறுபடியும் கட்டு. இப்போது 170. இந்த இரண்டு நம்பரையும் நோட்டில் எழுதாதீர்கள்.

சரியான முறை இது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, பீடி, வாயில் ஒதுக்குகிற புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலே பிபி ஏறும், போய்விட்டு வரட்டும். முதுகு சாய்கிற நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், காலின் மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும், போனும் வேண்டாம். பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். சட்டையைச் சுருட்டினால் அது மேலே இறுக்கிவிடும், கழற்றிவிடுங்கள். கையை மேஜை மேல், கீழே ஒரு தலையணை வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். கை அதைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏழு எட்டு கூடுதலாகக் காட்டும். காற்று ஏறி இறங்கும் வரை யாரும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. பேச்சு ஒன்றே பத்து வரை ஏற்றிவிடும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

பட்டை அளவைக் கட்டாயம் கவனியுங்கள், கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். கடையில் மெஷினோடு வருகிற பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக் கைக்கு. வலை இழுத்த கை அதைத் தாண்டும். தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். 32-க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும். மணிக்கட்டில் கட்டுகிற மெஷினாக இருந்தால் மாற்றிவிட்டு மேல்கைக்கான மெஷின் வாங்குவது நல்லது. முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி எப்போதும் அந்தக் கை. வருடத்துக்கு ஒரு தடவை மெஷினை ஓபிக்கே எடுத்து வாருங்கள், எங்கள் மெஷினோடு ஒப்பிட்டுக் கொடுப்போம்.

எப்போது பார்ப்பது? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டாம், அது அம்மாவின் பயத்தை வளர்க்கத்தான் உதவும். செக்கப்புக்கு முந்தின ஏழு நாள், காலையில் இரண்டு, இரவில் இரண்டு. முதல் நாள் நம்பரை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்; ஆஸ்பத்திரியில் பார்க்கிற 140/90-க்கு வீட்டில் இதுதான் சமம். சிலருக்கு டாக்டர் இதைவிடக் கீழே இலக்கு வைப்பார், அவர் சொன்னதே கணக்கு. ஏழு நாளில் ஒரு நாள் 150 வந்திருந்தால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

"காலை" என்று சொன்னேனே, அப்பாவுக்கு அது சூரியன் உதிப்பது அல்ல. படகு கரைக்கு வந்தால் காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு வெகு முன்னாடியே களைகட்டிவிடும், அவர் நள்ளிரவில் எழுந்திருக்கக்கூடும். அவருக்குக் காலை என்பது எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் போன பிறகு, மாத்திரைக்கும் டீக்கும் முன்னால். துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், எண்ணூர், மணலி பக்கம் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இதே கணக்குதான். மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரி போடுவதா என்று பலர் குழம்புகிறார்கள். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மறக்காமல் தினமும் ஒரே சமயத்தில் போட எந்த நேரம் வசதியோ, அதை டாக்டரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

சில பேருக்கு ஆஸ்பத்திரியில் ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். சில பேருக்குத் தலைகீழ். அந்தச் சந்தேகம் வந்தால் இருபத்து நான்கு மணி நேர பிபி மெஷினை இடுப்பில் மாட்டி அனுப்புவார்கள். பகலில் அரை மணிக்கு ஒரு தடவையாவது பட்டை தானாக இறுகும். அது இறுகும்போது நடந்துகொண்டிருந்தால் நின்றுவிட வேண்டும், கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். குளிக்க முடியாது. ராத்திரி தூக்கம் கொஞ்சம் கெடும், ஒரு நாள்தானே. தூக்கத்தில் பிபி இயல்பாகப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். இறங்காமல் இருந்தால் அதற்கும் காரணம் தேடுவார்கள். அப்பா பெரிய குறட்டை விடுகிறவர், நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறவர் என்றால் அதை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது பிபி கட்டுப்படாததற்கு ஒரு பெரிய காரணம்.

அடுத்து இசிஜி. படுக்கவைத்து நெஞ்சில் ஆறு, கை காலில் நான்கு என்று ஒட்டுவார்கள், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் சொல்ல விரும்புவது அந்தக் காகிதத்தைப் பற்றி. சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் லேமினேஷன் போடக் கொடுப்பார்கள், சூட்டில் முழுசாகக் கறுத்து ஒன்றுமே தெரியாமல் போய்விடும். தகரக் கூரை வீட்டில் பீரோ மேல் வைத்தால் ஒரு சில வருடத்தில் எழுத்து வெளுத்துவிடும். வாங்கின அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்கு வந்தால், பழைய இசிஜி கையில் இருந்தால் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று டாக்டருக்கு உடனே தெரியும். நார்மல் என்று வந்த இசிஜியும் தூக்கிப் போடக் கூடாது, ஒப்பிட அதுதான் மிக நல்லது. அதே சமயம், படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி நார்மல் என்பதால் அடைப்பே இல்லை என்று அர்த்தம் ஆகாது.

எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாத வீட்டை நான் பார்த்ததில்லை. "இஎஃப் 60%" என்று போட்டிருக்கும், ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு அது. "அறுபது பர்சன்ட்தான் வேல செய்தா?" என்று கேட்டு அழுவார்கள். இதயம் ஒரு துடிப்பில் தனக்குள் இருக்கிற ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது, தள்ளவும் கூடாது. ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் நல்ல இதயம். அறுபது நல்ல மார்க். பிபி இருக்கிறவர்களுக்குச் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக எக்கோ எடுக்கிறார்கள். கொஞ்சம் தடித்திருந்தாலும் பிபி கட்டுப்பட்டால் காலப்போக்கில் குறையவும் செய்யும். ஒவ்வொரு செக்கப்புக்கும் எக்கோ தேவைப்படாது, டாக்டர் சொன்னால் மட்டும் போதும்.

டிரெட்மில்தான் அப்பா மாதிரி ஆட்களிடம் சிக்கல். லுங்கியும் ரப்பர் செருப்புமாக வந்தால் ஓட முடியாது. பேன்ட்டும் பிடிமானமான ஷூவும் போட்டு வரட்டும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடி லேசாகச் சாப்பிட்டிருக்கலாம், வயிறு முட்டக் கூடாது. எந்த மாத்திரையை அன்றைக்கு நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கிற அட்டினலால், மெட்டோபிரலால் போன்றவற்றைச் சில சமயம் நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் அவற்றை நாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மெஷினில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதில் 85 சதவீதம் வரை துடிப்பை ஏற்றிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு 164, அதில் 85 சதவீதம் என்றால் சுமார் 139. "நான் கடல்ல வலை இழுக்கிறவன், இதெல்லாம் எனக்குத் தூசு" என்று வீராப்பாக ஓடுவார்கள். நெஞ்சு இறுகினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள். இந்த டெஸ்ட்டே அந்த இறுக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான். நெஞ்சில் கனமாக, தாடையில் வலியாக, மூச்சு முட்டலாக என்ன தோன்றினாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் டாக்டரும் மருந்தும் இருக்கிற இடத்தில் தெரிந்துகொள்வதற்கும், கரையிலிருந்து வெகு தூரத்தில் தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். பாசிட்டிவ் என்று வந்தால் அடைப்பு உறுதி என்று இல்லை. அடுத்த கட்டமாக, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஆஞ்சியோ தேவையா என்று யோசிப்பார்கள், அவ்வளவுதான். அந்த நிலை வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள். இதய சிகிச்சைக்கு வடசென்னையை விட்டு எங்கேயோ போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தியாவில் முதல் பைபாஸ் ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்ததே நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-இல்.

ரத்தப் பரிசோதனையில் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் முக்கியம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரையோ, நீர் பிரிக்கிற மாத்திரையோ புதிதாகத் தொடங்கினால் சில வாரத்தில் இவற்றை ஒரு தடவை பார்க்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம் இவை வருடத்துக்கு ஒரு தடவை போதும், கோளாறு இருந்தால் அடிக்கடி.

பக்க விளைவு பற்றி இரண்டு வார்த்தை. அம்லோடிபின் போடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் விடாது. தாம்பத்தியத்தில் குறை வந்தால் ஆண்கள் வெளியே சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மாற்று மருந்து இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். நர்ஸ் பெண்ணாக இருக்கிறாரே என்று தயங்கினால் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும், நாங்கள் ஏற்பாடு செய்வோம்.

இப்போது அம்மாவின் சமையல். மீன் குழம்பை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, தயவுசெய்து நாளைக்கே வைக்கச் சொல்லுங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி எல்லாம் இதயத்துக்கு நல்லது. குழம்பாக, புட்டாகச் சாப்பிடலாம். எண்ணெயில் முக்கி வறுப்பதைக் குறையுங்கள். நிறுத்த வேண்டியது கருவாடு. எவ்வளவு அலசினாலும் உள்ளே இறங்கின உப்பு முழுசாகப் போகாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது, அதாவது ஒரு டீஸ்பூன். சோறு, குழம்பு, சட்னி, தின்பண்டம் எல்லாம் சேர்த்து. வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு டீஸ்பூன் உப்பைக் காலையில் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அன்றைய சமையல் முழுவதையும் அதற்குள் முடிக்க அம்மாவை முயற்சி செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் சப்பென்று இருக்கும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், அதற்குப் பிறகு வெளியே சாப்பிட்டால் உப்புக் கரிக்கும். புளி, மிளகு, பூண்டு, கொத்தமல்லி தாராளமாகப் போடலாம். அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ், ராத்திரி தள்ளுவண்டியில் பர்மா தின்பண்டங்களான அத்தோ, பேஜோ, பக்கத்தில் ஒரு சூப் என்று போவதில்தான் கணக்குத் தெரியாமல் உப்பு ஏறுகிறது. அத்தோவை வாழ்நாள் முழுக்க விட வேண்டாம், மாதத்தில் ஒரு நாள் போதும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கருவாட்டுக் குழம்பு இல்லாமல் முடியாது என்றால் அன்றைக்குத் தொட்டுக்கொள்ளட்டும், அடுத்த நாள் சட்டியில் மிச்சம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "பிபிகாரர்களுக்கு உகந்த உப்பு" என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னியில் கோளாறு இருக்கிறவர்கள், சார்டன், ப்ரில் வகை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். முருங்கைக்கீரை, பூண்டு சாப்பிடட்டும், சாப்பாடாக நல்லது. மாத்திரைக்குப் பதிலாக என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

நடை. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பார்கள். ஒரு நாளைக்கு அரை மணி, ஐந்து நாள். சொல்வது சுலபம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும்போது அந்தப் புகையிலும் தூசியிலும் நடக்கச் சொன்னால் அது நல்லதைவிடக் கெட்டதைத்தான் செய்யும். காற்று மாசும் பிபியை ஏற்றுகிறது, மாரடைப்பையும் தூண்டுகிறது. மெயின் ரோட்டை விட்டுவிட்டு உள் தெருக்களில், மாநகராட்சிப் பூங்காவில் நடக்கட்டும். திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்கள் கோயில் மாட வீதியைச் சுற்றலாம். வெயில் காலத்தில் ஆறரை மணிக்கு முன், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். படகில் உழைப்பது நடைக்குப் பதில் ஆகுமா என்று அப்பா கேட்பார். மூச்சை அடக்கிக் கனம் தூக்கும்போது பிபி அந்த நொடியில் மேலே போகும். நடை அப்படி இல்லை. அதனால் இரண்டும் ஒன்றல்ல.

புகையிலையும் சாராயமும் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பீடியும் வாயில் ஒதுக்குவதும் முழுசாக நிற்க வேண்டும், இதில் குறைத்துக்கொள்வது என்ற பேச்சு கிடையாது. குடியை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு நடுங்கும், பிபியும் ஏறும். அதற்கும் மருந்து கொடுத்து நிறுத்த வழி இருக்கிறது.

எப்போது பயப்பட வேண்டும்? மெஷினில் 180/120 அல்லது மேல் வந்தால் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாமாக இன்னொரு மாத்திரை கொடுப்பதோ, நாக்குக்கு அடியில் எதையாவது வைப்பதோ கூடாது, சடாரென்று இறங்கினால் பக்கவாதமே வரலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விளங்காமை, வாய் கோணல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும், நம்பர் என்னவாக இருந்தாலும், 108. நெஞ்சில் கனம், வேர்த்து ஊற்றுகிறது என்றால் "கேஸ்" என்று சொல்லி இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது. வலி தொடங்கின அந்த முதல் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் 2023 முதல் "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். ஆட்டோவில் கிளினிக் கிளினிக்காகச் சுற்ற வேண்டாம்.

மாத்திரை வாங்க வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியவில்லை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்தால் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். அதற்காக டாக்டரைப் பார்க்கிற செக்கப்பை விட்டுவிடாதீர்கள். அவர்கள் வரும்போது அம்மாவையும் உட்காரவைத்து ஒரு தடவை கட்டிப் பாருங்கள். வீட்டில் ஆளுக்கு ஆள் பிபி பார்ப்பார்கள், சமைக்கிறவருக்கு மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், வயது எதுவாக இருந்தாலும்.

கடைசியாகக் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அப்பாவுக்கு இப்போது பெரிய வரம். டெஸ்ட் எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிடுங்கள், ஒன்றையும் தள்ளிப் போடாதீர்கள். புது மாத்திரையோ, கூட்டின அளவோ உடம்புக்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தொடக்கத்தில் எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வரலாம். அது தரையில் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், ஆடுகிற படகின் ஓரத்தில் வரக் கூடாது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மருந்து மாற்றுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் முதல் வாரத்தில் ஏழு நாள் நோட்டை எழுதி, அதோடும் டிரெட்மில், எக்கோ ரிப்போர்ட்டோடும் போய், "எத்தனை நாள் கடலில் இருப்பேன், என்ன வேலை செய்வேன்" என்று அப்பாவையே டாக்டரிடம் சொல்லவையுங்கள். கட்டுப்பட்ட பிபியோடு, டெஸ்ட் சரியாக இருந்து, டாக்டர் சம்மதித்துக் கடலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டுப்படவில்லை, இல்லை டிரெட்மில்லில் சந்தேகம் என்றால் முதல் பயணத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஓனரிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள், அப்பாவைப் பேசவிடாதீர்கள். அவர் சரி என்று தலையாட்டிவிடுவார்.

சரி என்று டாக்டர் சொன்னால், போகும் நாளுக்கு மேல் ஐந்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரை, தண்ணீர் புகாத டப்பாவில். போனில் அலாரம், கூட வருகிற ஒருவருக்கும் அந்த நேரம் தெரிந்திருக்கட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று முன்னாடியே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நீர் வற்றின உடம்பில் சில பிபி மாத்திரைகள் கிட்னியைத் தாக்கும். மருந்துச் சீட்டும் பழைய இசிஜியும் போட்டோவாக அவர் போனிலும் உங்கள் போனிலும். நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால் கடலோரக் காவல் படையின் எண் 1554, வயர்லெஸ்ஸிலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் படகு கேபினில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள், அப்பாவுக்கு மட்டும் அல்ல, அந்தப் படகில் போகிற எல்லாருக்கும்.